முகமூடி போட்ட ஸ்ட்ரைக்கர் விக்டர் ஒசிமென்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்து பார்க்க நண்பர்களோடு உட்கார்ந்தால், கறுப்பு முகமூடியோடு ஓடும் அந்த ஆள் திரையில் வந்ததும் யாராவது ஒருவர் கேள்வியை ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலான ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவுக்குப் பிறகுதான். பாதித் தூக்கத்தில் சொல்லும் பதில் அடுத்த நாள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கணக்குகள் எல்லாம் 2025 இறுதி வரை உள்ளவை.

யார் இவர்? பெயரை எப்படிச் சொல்வது?

விக்டர் ஒசிமென். நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1998 டிசம்பர் 29 அன்று பிறந்தவர். குடும்பம் எடோ மாநிலத்து எசான் மக்களைச் சேர்ந்தது. எழுத்தில் நடுவே ஒரு ‘ஹ’ உண்டு, ஆனால் வர்ணனையாளர்கள் அதை விழுங்கிவிட்டு ‘ஒசிமென்’ என்றே சொல்கிறார்கள். நாமும் அப்படியே சொல்லலாம்.

ஜெர்மனியில் வோல்ஃப்ஸ்பர்க், பெல்ஜியத்தில் ஷார்லெருவா, பிரான்சில் லீல், இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரின் நாப்போலி, இப்போது துருக்கியில் கலதாசராய். ஐந்து நாடு, ஐந்து கிளப். இஸ்தான்புல்லில் அவருடைய சட்டை எண் 45.

முகமூடி எதற்கு? ஸ்டைலா?

ஆரம்பத்தில் அது மருத்துவம். 2021 நவம்பர் 21 அன்று மிலான் நகரில் இன்டர் அணிக்கு எதிரான ஆட்டம். உயரப் பந்துக்கு எழும்பியபோது இன்டர் தடுப்பாட்டக்காரர் மிலான் ஷ்க்ரினியாரின் தலை இவர் முகத்தில் மோதியது. கண்குழியைச் சுற்றியும் கன்னத்திலும் எலும்பு பல இடங்களில் உடைந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்து தகடுகளும் திருகுகளும் வைத்துத்தான் முகத்தைச் சேர்த்தார்கள். 2022 ஜனவரியில் கேமரூனில் நடந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை இந்தக் காயமும் கொரோனாவும் சேர்ந்து தவறவிட வைத்தன. அதே மாதம் கார்பன் ஃபைபர் முகமூடியோடு நாப்போலிக்காக மறுபடி களமிறங்கினார்.

எலும்பு கூடி வருடங்கள் ஆகியும் அவர் அதைக் கழற்றவில்லை. பயமா, பழக்கமா, ராசியா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். உயரப் பந்துக்குத் தலையை நீட்டித்தான் இவர் பிழைப்பே நடக்கிறது. ஒருமுறை முகம் உடைந்தவர் அடுத்த முறையும் தயங்காமல் தலையை நீட்ட வேண்டுமென்றால் ஏதோ ஒரு காப்பு வேண்டாமா?

நேப்பிள்ஸ் ஊர்க்காரர்கள் அதைத் திருவிழாப் பொருளாக்கிவிட்டார்கள். 2023 வசந்தத்தில் குழந்தைகள் முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் ஓடின. இனிப்புக் கடைகளில் ஒசிமென் முகமூடி வைத்த கேக்குகூட விற்றார்கள்.

குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தார் என்பது உண்மையா, ஊடகக் கதையா?

உண்மைதான். லாகோஸில் ஒலுசோசுன் என்று ஒரு குப்பைக் கிடங்கு, ஆப்பிரிக்காவின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதை ஒட்டிய பகுதிதான் வீடு. ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டி. சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார், அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அண்ணன் விளையாட்டுப் பத்திரிகைகளை விற்க, அக்கா ஆரஞ்சு விற்க, இவர் நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே ஓடித் தண்ணீர்ப் பாக்கெட் விற்றிருக்கிறார். லாகோஸ் நெரிசல் உலகப் பிரசித்தம், மணிக்கணக்கில் நகராது. தண்ணீர் விற்கிறவனுக்கு அதுதான் சந்தை. குப்பையில் கிடைத்த ஜோடி சேராத காலணிகளைப் போட்டுக்கொண்டு விளையாடியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு விஷயம். பத்திரிகைகள் இந்தக் குப்பைமேட்டிலிருந்து ஒரே தாவலில் நேப்பிள்ஸ் கோப்பைக்குப் போய்விடுகின்றன. நடுவே இரண்டு மூன்று வருடம் காணாமல் போகிறது. எனக்கு அந்த நடுப்பகுதிதான் முக்கியமாகப் படுகிறது. கீழே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எப்படி வெளியே தெரிந்தார்?

2015 அக்டோபர், நவம்பரில் சிலி நாட்டில் நடந்த 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை. பயிற்சியாளர் இம்மானுவேல் அமுனிகே, 1996 ஒலிம்பிக் இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக வெற்றி கோலை அடித்த அதே ஆள். லாகோஸின் அல்டிமேட் ஸ்ட்ரைக்கர்ஸ் அகாடமியிலிருந்து வந்த ஒசிமென் அந்தப் போட்டியில் 10 கோல் அடித்தார். அதற்கு முன் அந்த வயதுப் பிரிவில் ஒரே போட்டியில் யாரும் 9-ஐத் தாண்டியதில்லை. இறுதியில் மாலியை 2-0 என்று வென்று நைஜீரியா கோப்பையைத் தூக்கியது.

அதிக கோலுக்கான தங்கக் காலணி இவருக்கு. சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அணித்தலைவர் கெலெச்சி நவாக்காலிக்கு, இவருக்கு வெள்ளிப் பந்து. தங்கப் பந்து வாங்கிய நவாக்காலியை ஆர்சனல் வாங்கியது. லோனில், அதாவது தற்காலிக இரவலாக, வேறு கிளப்களுக்கு அங்குமிங்கும் அனுப்பியதே தவிர, முதல் அணிக்கு ஓர் ஆட்டம்கூட ஆட விடவில்லை. 17 வயதில் உலக சாம்பியன் என்ற பட்டம் ஐரோப்பாவில் எவ்வளவுக்குப் போகும் என்பதற்கு ஓர் அளவுகோலாக இதை வைத்துக்கொள்ளலாம்.

2015-ல் சாம்பியன். அப்புறம் ஏன் 2017 வரை ஐரோப்பாவுக்குப் போகவில்லை?

ஃபிஃபா விதி. சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது நிறையாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப் எடுக்க முடியாது. சிறுவர்களை அழைத்துப்போய், பிடிக்கவில்லையென்றால் அந்நிய ஊரில் அம்போவென்று விட்டுவிடும் வியாபாரத்தைத் தடுக்க வந்த விதி இது. ஒசிமெனுக்கு 18 நிறைந்தது 2016 டிசம்பர் 29. வோல்ஃப்ஸ்பர்க் அவரைச் சேர்த்துக்கொண்டது 2017 ஜனவரியில். கதவு திறக்கும் நேரத்துக்கு வாசலிலேயே காத்திருந்திருக்கிறார்கள்.

நைஜீரிய லீக்கில் பெரியவர்களோடு அவர் ஆடியதே இல்லை. அகாடமியிலிருந்து நேராக ஜெர்மனி. நைஜீரியத் திறமைசாலிகள் பலருக்கும் இதுதான் வழி. உள்ளூர் லீக் இருக்கிறது, ஆனால் சம்பளம் தேதிக்கு வரும் என்று யாரும் நம்புவதில்லை.

வோல்ஃப்ஸ்பர்க்கில் என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை, அதுதான் பிரச்சினை. எல்லாப் போட்டிகளும் சேர்த்து 16 ஆட்டம், 0 கோல். பெரும்பாலும் கடைசி நிமிடங்களில் மாற்று வீரர். அணி இரண்டாம் பிரிவுக்கு விழாமல் இருக்கப் போராடிக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட அணியில் 18 வயதுப் பையனை வைத்துச் சோதனை செய்ய எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார். தோள்பட்டைக் காயமும் சேர்ந்துகொண்டது.

பிறகு 2018 கோடை. ஊருக்குப் போனவருக்கு மலேரியா வந்துவிட்டது. உடம்பு பாதியாக இளைத்த நிலையில் பெல்ஜியத்தில் ஆள்தேர்வுக்குப் போனார். சூல்டே வாரெகெம் வேண்டாம் என்றது. கிளப் ப்ரூஹேயும் வேண்டாம் என்றது. லோனில், அதாவது கிட்டத்தட்ட இலவசமாக, வருகிறேன் என்றவரை இரண்டு பெல்ஜியக் கிளப்கள் திருப்பி அனுப்பின. சரியாக இரண்டு வருடம் கழித்து அவருடைய விலை 7 கோடி யூரோ. திருப்பி அனுப்பியவர்களை நான் கிண்டல் செய்யமாட்டேன். மலேரியாவிலிருந்து அப்போதுதான் எழுந்த ஒருவரை மைதானத்தில் பார்த்தால் நானும் நீங்களும்கூட அதையேதான் சொல்லியிருப்போம்.

ஷார்லெருவாவை ஏன் இவ்வளவு முக்கியம் என்கிறீர்கள்? அப்படி ஓர் ஊர் இருப்பதே பலருக்குத் தெரியாதே?

தெரியாதுதான். பெல்ஜியத்தின் பிரெஞ்சு பேசும் பகுதியில், நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலைகளும் வாழ்ந்து கெட்ட ஊர். அதன் கிளப்புக்குப் பெரிய கோப்பை வரலாறு எதுவும் கிடையாது. 2018 ஆகஸ்ட் 22 அன்று லோனில் எடுத்தார்கள்.

முதன்முறை ஆரம்பப் பதினொருவரில் இறங்கிய ஆட்டத்திலேயே, வாஸ்லாண்ட் பெவெரனுக்கு எதிராக, குதிகாலால் தட்டி ஒரு கோல் போட்டார். ஒன்றரை வருடமாகக் கோலே அடிக்காத ஒருவர், முதல் வாய்ப்பில் குதிகாலால் அடிக்கத் துணிகிறார் பாருங்கள்! அங்கேதான் எனக்கு இவர் மேல் மரியாதை வந்தது. அந்த சீசன் முடிவில் 36 ஆட்டத்தில் 20 கோல். கிளப் அவரைச் சுமார் 35 லட்சம் யூரோவுக்கு நிரந்தரமாக வாங்கிவிட்டது.

ஷார்லெருவாவில் புதிதாக எதையும் சொல்லிக்கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. அங்கே கிடைத்தது ஆட்ட நேரம். வாராவாரம் 90 நிமிடம், தவறு செய்தாலும் அடுத்த வாரம் மறுபடி இடம். ஸ்ட்ரைக்கர் என்பவன் பத்து வாய்ப்பைக் கெடுத்துத்தான் இரண்டைக் கோலாக்குவான். அந்தப் பத்தைக் கெடுக்க அனுமதிக்கும் ஓர் ஊர் வேண்டும். வோல்ஃப்ஸ்பர்க்கில் அதற்கு இடமில்லை, இங்கே இருந்தது. நேப்பிள்ஸ் அவருக்குப் புகழைக் கொடுத்தது. கால்பந்து வீரன் என்ற பிழைப்பைக் கொடுத்தது ஷார்லெருவா.

லீல்?

ஒரே சீசன், 2019-20. நிக்கோலா பெப்பேயை ஆர்சனலுக்கு விற்றுவிட்டு அந்த இடத்துக்கு இவரை வாங்கினார்கள். முதல் லீக் ஆட்டத்தில் நான்ட் அணிக்கு எதிராக இரண்டு கோல். சாம்பியன்ஸ் லீக்கில் செல்சிக்கு எதிராகத் தலையால் ஒன்று. மொத்தம் 18. பிரெஞ்சு லீகில் ஆடும் சிறந்த ஆப்பிரிக்க வீரருக்கான மார்க்-விவியன் ஃபோயே விருதும் கிடைத்தது. கொரோனாவால் லீக் பாதியில் நின்றது. அந்த வருடமே அவருடைய அப்பாவும் இறந்துபோனார்.

நாப்போலி 7 கோடி யூரோ கொடுத்தது. போட்ட பணம் உடனே திரும்பியதா?

இல்லை. 2020 ஜூலை 31 அன்று அறிவிப்பு வந்தபோது கிளப் வரலாற்றிலேயே அதிகமான விலை அது. முதல் சீசனில் தோள்பட்டை விலகியது, கொரோனா வந்தது, அடலாண்டாவுக்கு எதிராகக் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. லீக்கில் 10 கோல்தான். இரண்டாம் சீசனில் முகம் உடைந்தும் 14. அந்த இரண்டு வருடமும் ‘இந்தப் பையனுக்கா இவ்வளவு?’ என்று இத்தாலியப் பத்திரிகைகள் கேட்டுக்கொண்டேதான் இருந்தன.

2022-23-ல் அப்படி என்ன நடந்தது?

நேப்பிள்ஸ் என்ற ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் இது புரியும். இத்தாலியின் தெற்கு. வடக்கு இத்தாலிய மைதானங்களில் இவர்களைப் பார்த்து ‘வெசுவியஸ் எரிமலையே, இவர்களை நெருப்பால் கழுவு’ என்று பாட்டுப் பாடுவார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு மாரடோனா வந்து 1987-லும் 1990-லும் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அவர் போனபிறகு லீக் பட்டம் ஒன்றும் இல்லை. நடுவே கிளப் திவாலாகி மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி வந்தது.

லூச்சானோ ஸ்பல்லெட்டி பயிற்சியில் அந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. இடது பக்கம் ஜார்ஜியாவிலிருந்து வந்த க்வாரட்ஸ்கேலியா, நடுவில் ஒசிமென். 2023 மே 4 அன்று உதினே நகரில் ஒரு புள்ளி கிடைத்தால் போதும் என்ற நிலை. நாப்போலி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. 52ஆம் நிமிடம், கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து மறுபடி வந்து விழ, ஒசிமென் உள்ளே அடித்தார். 1-1. 33 வருடத்துக்குப் பிறகு பட்டம், அதுவும் ஐந்து ஆட்டம் மீதமிருக்கும்போதே. சொந்த ஊர் மைதானத்தில் பெரிய திரையில் பார்க்க மட்டும் 50,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள்.

முடிவில் 32 லீக் ஆட்டத்தில் 26 கோல். இத்தாலிய லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்கான பட்டத்தை ஓர் ஆப்பிரிக்கர் வென்றது அதுவே முதல்முறை. இத்தாலிய லீக்கில் ஆப்பிரிக்கர் ஒருவரின் மொத்த கோல் கணக்கில் ஜார்ஜ் வேயாவின் 46-ஐயும் அந்த மே மாதமே தாண்டினார். வேயா யாரென்று தெரியாதவர்களுக்கு: லைபீரியாக்காரர், 1995-ல் உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்தை வென்றவர், பின்னாளில் அந்த நாட்டின் அதிபர்.

அதே டிசம்பரில் மராகேஷ் நகரில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது. 1999-ல் நவான்க்வோ கானு வாங்கியபின் எந்த நைஜீரிய ஆணுக்கும் கிடைக்காத விருது அது. பெண்களுக்கான விருதும் அன்றிரவு நைஜீரியாவுக்கே, அசிசட் ஒஷோவாலாவுக்கு. அவருக்கு அது ஆறாவது முறை. ஆனால் மறுநாள் எல்லாப் பக்கங்களிலும் ஒசிமென் படம்தான் பெரிது.

ஆட்டத்தில் இவருடைய பலம் என்ன? பலவீனமே இல்லையா?

தடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் இவருக்குச் சொந்த நிலம் மாதிரி. பந்து வருவதற்கு ஒரு நொடி முன்பே ஓட ஆரம்பித்துவிடுவார். எழும்பினால் காற்றில் கொஞ்சம் கூடுதலாக நிற்பதுபோல் தோன்றும். இன்னொன்று, எதிரணி கோல்கீப்பர் காலில் பந்து இருந்தால்கூடத் துரத்துவார். 90ஆம் நிமிடத்திலும் துரத்துவார்.

பலவீனம் இருக்கிறது. கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது முதல் தொடுதல் சில சமயம் முழங்காலில் பட்டதுபோல் தெறித்துப் போகும். பெனால்டியை முழுசாக நம்ப முடியாது. நடுவரிடம் கை விரிப்பது அதிகம். கோபமும் கொஞ்சம் ஜாஸ்தி.

பிறகு நேப்பிள்ஸில் ஏன் கசந்தது?

பட்டம் வென்ற கையோடு ஸ்பல்லெட்டி விலகினார். அடுத்த சீசனில் மூன்று பயிற்சியாளர்கள் மாறி, சாம்பியன் அணி பத்தாவது இடத்தில் முடித்தது. அந்தக் குழப்பத்தின் தொடக்கத்தில், 2023 செப்டம்பரில், பொலோனியாவுக்கு எதிராக ஒசிமென் ஒரு பெனால்டியை வெளியே அடித்தார். சில நாளில் கிளப்பின் அதிகாரபூர்வ டிக்டாக் கணக்கிலேயே அதை வைத்து, கீச்சுக்குரலில் அவரைக் கிண்டல் செய்யும் வீடியோ வந்தது. அவரைத் தேங்காயோடு ஒப்பிட்டு இன்னொன்று. ரசிகர் யாரோ செய்ததல்ல, சம்பளம் கொடுக்கும் கிளப்பே செய்தது. வழக்குப் போடுவோம் என்றார் அவருடைய ஏஜென்ட். புண்படுத்தும் நோக்கமில்லை என்று அறிக்கை விட்டது கிளப். இன்ஸ்டாகிராமிலிருந்து நாப்போலி படங்களை நீக்கினார் ஒசிமென்.

அந்த டிசம்பரில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், அதில் சுமார் 13 கோடி யூரோ விடுவிப்புத் தொகை, அதாவது அதைக் கொடுக்கும் கிளப்புக்கு அவரை விட்டுவிட வேண்டும். புதுப்பித்தால் சமாதானம் என்று பலர் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. விலைச்சீட்டு ஒட்டிய பொருள் கடையில் நிற்பது விற்பதற்குத்தான்.

2024 கோடையில் புதிய பயிற்சியாளர் அன்டோனியோ கோன்டே, புதிய ஸ்ட்ரைக்கர் லுக்காக்கு. செல்சியோடு பேச்சு சம்பளத்தில் நின்றது. சவுதியின் அல் அஹ்லி பேச்சும் கடைசி நேரத்தில் உடைந்து, அவர்கள் ஐவன் டோனியை வாங்கிக்கொண்டார்கள். வீரர்களை வாங்கி விற்கும் காலமான டிரான்ஸ்ஃபர் ஜன்னல் மூடியபோது ஆப்பிரிக்காவின் சிறந்த வீரருக்கு ஆடுவதற்கு அணியே இல்லை.

அப்படியானால் துருக்கி கட்டாயத்தில் போனதா?

ஆமாம். துருக்கியில் டிரான்ஸ்ஃபர் ஜன்னல் செப்டம்பர் 13 வரை திறந்திருந்தது, அவ்வளவுதான் காரணம். ஒரு வருட லோன் என்றார்கள். விமான நிலையத்தில் வரவேற்கக் கூடிய கூட்டத்தைப் பார்த்தால் லோன் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அங்கே 30 லீக் ஆட்டத்தில் 26 கோல். நேப்பிள்ஸில் பட்டம் வென்றபோது அடித்த அதே 26. எல்லாம் சேர்த்து 37. துருக்கியில் ஒரே சீசனில் ஒரு வெளிநாட்டு வீரர் அடித்த அதிகபட்சம் அதுதான், முந்தைய சாதனை மாரியோ ஜார்டெலின் 34. கலதாசராய்க்கு 25ஆவது லீக் பட்டம் கிடைத்தது. துருக்கியில் ஐந்து பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் சட்டையில் சேர்த்துக்கொள்ளலாம், ஆக ஐந்தாவது நட்சத்திரம். துருக்கிக் கோப்பை இறுதியிலும் ட்ராப்சோன்ஸ்போரை 3-0 என்று வென்றதில் இவருக்கு இரண்டு கோல்.

அதே வருடம் அவர் இல்லாத நாப்போலியும் லுக்காக்குவை வைத்து இத்தாலியப் பட்டத்தை வென்றது. பிரிந்த இருவருமே நன்றாக இருந்தார்கள். கால்பந்தில் இது அபூர்வம்.

7.5 கோடி யூரோ கொடுத்து வாங்கினார்கள் என்கிறார்களே, அந்தக் கணக்கு என்ன?

2025 ஜூலை 31. நேப்பிள்ஸில் சேர்ந்து சரியாக ஐந்து வருடம் கழித்து. லோனுக்கு அனுப்பும்போதே விடுவிப்புத் தொகையைச் சுமார் 7.5 கோடியாகக் குறைத்திருந்தார்கள். கலதாசராய் அதைக் கொடுத்தது, 4 கோடி முன்பணம், மீதி தவணை. அன்றைய மதிப்பில் சுமார் 750 கோடி ரூபாய். துருக்கி வரலாற்றில் அதற்கு முன் யாருக்கும் இதன் பக்கத்தில்கூட விலை போனதில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: இரண்டு வருடத்துக்கு இவரை எந்த இத்தாலியக் கிளப்புக்கும் விற்கக்கூடாது. ஜுவென்டஸ் சட்டையில் இவரைப் பார்க்க நேப்பிள்ஸ்காரர்களுக்கு மனசு வராது.

சம்பளம் கிசுகிசு அல்ல, பங்குச்சந்தையில் இருக்கும் கிளப் என்பதால் அறிவித்தே ஆக வேண்டும்: வரி போக ஆண்டுக்கு 1.5 கோடி யூரோ, மேலே விசுவாச போனஸ், விளம்பர உரிமைப் பணம்.

இந்தப் பணத்தில் ஷார்லெருவாவுக்கும் ஏதாவது போகுமா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. போகும். வீரர் ஒப்பந்தம் முடியுமுன் நாடு விட்டு நாடு விற்கப்படும்போது, விலையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருடத்துக்குக் கால் சதவீதம், 16 முதல் 23 வரை அரை சதவீதம். 7.5 கோடியில் அரை சதவீதம் 3.75 லட்சம் யூரோ. ஒரு சீசன் இடம் கொடுத்ததற்கு ஏழு வருடம் கழித்து வரும் வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துருக்கி லீக் தரம் குறைவு. அங்கே அடிக்கும் கோலுக்கு மதிப்பு உண்டா?

லீக் தரம் இத்தாலியை விடக் குறைவு, அதில் சந்தேகமில்லை. அதனால்தான் சாம்பியன்ஸ் லீக்கைப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 30 அன்று லிவர்பூலை 1-0 என்று வீழ்த்திய பெனால்டி இவருடையது. நவம்பர் 5 அன்று ஆம்ஸ்டர்டாமில் அயாக்ஸுக்கு எதிராக ஹாட்ரிக், தலையால் ஒன்று, பெனால்டியில் இரண்டு. பெனால்டியை நம்ப முடியாது என்று மேலே நான் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

நாட்டுக்காக?

இங்கேதான் வயிற்றெரிச்சல். 30 கோலைத் தாண்டிவிட்டார். நைஜீரியாவின் சாதனை ரஷீதி யெகினியின் 37. 1994 உலகக் கோப்பையில் நாட்டின் முதல் கோலை அடித்துவிட்டு, வலைக்குள் கைகளை நீட்டி அழுதாரே, அவர்தான். அந்த 37-ஐ ஒசிமென் தாண்டுவார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பெரியவர்களுக்கான உலகக் கோப்பையில் ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. 2022-க்கான தகுதிச் சுற்றில் கானாவிடம், இரண்டு ஆட்டமும் சமனாகி, வெளியூரில் அதிக கோல் அடித்த அணியே முன்னேறும் என்ற விதியில் போயிற்று. 2026-க்கு இன்னும் மோசம். 2025 அக்டோபரில் உயோ நகரில் பெனினை 4-0 என்று நசுக்கியபோது இவர் அடித்தது மூன்று. நவம்பரில் ரபாத்தில் பிளே-ஆஃப். அதற்கு இரண்டு நாள் முன்பு, போனஸ் பாக்கி வராததால் வீரர்கள் பயிற்சிக்கே போகவில்லை. இதெல்லாம் நைஜீரியாவில் புதிதல்ல. பிரச்சினை தீர்ந்து காபோனுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் அடித்தார், 4-1. அடுத்தது காங்கோ ஜனநாயகக் குடியரசு. இடைவேளையில் காயத்தோடு ஒசிமென் வெளியேறினார், 1-1, பெனால்டியில் தோல்வி. பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையில் 2019-ல் வெண்கலம். 2024 பிப்ரவரியில் ஐவரி கோஸ்ட்டிடம் இறுதியில் 2-1 தோல்வி. அந்தத் தொடரில் இவருக்கு ஒரே கோல், ஆனால் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் குறை சொல்லமாட்டார்கள்.

கோபக்காரர் என்கிறார்களே?

2024 ஜூனில், தன் காயத்தைச் சந்தேகித்ததாக நினைத்து, நாட்டுப் பயிற்சியாளர் ஃபினிடி ஜார்ஜை இன்ஸ்டாகிராம் நேரலையில் வெளுத்து வாங்கினார். ஃபினிடி 1994 தலைமுறையின் நாயகர்களில் ஒருவர். பெரியவரிடம் பேசும் பேச்சா என்று ஊரே கேட்டது. கேட்டது நியாயம்தான்.

பழைய நைஜீரிய நட்சத்திரங்கள் கானு, ஒகோச்சாவை விடப் பெரியவரா?

ஒகோச்சாவின் கால் வித்தைக்கு இவர் பக்கத்தில் வரமுடியாது. கானு ஒலிம்பிக் தங்கம், சாம்பியன்ஸ் லீக், இங்கிலாந்துப் பட்டம் என்று கோப்பை அலமாரியையே வைத்திருக்கிறார், அதுவும் இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஆடி. ஸ்ட்ரைக்கர் என்று மட்டும் பார்த்தால் என் ஓட்டு யெகினிக்கு முதலில், ஒசிமெனுக்கு அடுத்தது. உலகக் கோப்பை ஒன்று ஆடியிருந்தால் மாற்றியிருப்பேன்.

இங்கிலாந்து பிரீமியர் லீகில் எப்போதாவது ஆடியிருக்கிறாரா?

இல்லை. ஒவ்வொரு கோடையிலும் போகிறார் என்று செய்தி மட்டும் வரும்.

ஒரே ஒரு கோல் பார்க்க வேண்டுமென்றால் எது?

2023 ஜனவரி 29, ரோமாவுக்கு எதிராக. இடப்பக்கமிருந்து க்வாரட்ஸ்கேலியா தூக்கிப் போட்ட பந்தை நெஞ்சில் வாங்கி, தொடையில் ஒருமுறை தட்டி, தரையில் விழுமுன் வலையின் மேல்பகுதிக்கு அடித்தார். தடுப்பாட்டக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதைப் பார்த்து முடித்ததும் ஷார்லெருவாவின் அந்தக் குதிகால் கோலையும் தேடிப் பாருங்கள். அதில் முகமூடி இல்லாத முகம் தெரியும்.